வெறும் பால்

குருபரப்பள்ளி டீக்கடையில் ஒருவர் ஒருநாள் கேட்டார்: "என்ன சார், வலது கையில மை வெச்சிருக்காங்க, எந்த ஊரு எலெக்‌ஷன்?" என் ஆட்காட்டி விரல் நகத்தடியில் இருப்பது தேர்தல் மை இல்லை, மெத்திலீன் ப்ளூ. எத்தனை சோப்புப் போட்டாலும் நகம் வளர்ந்துதான் போகும். போவதற்குள் அடுத்த கறை வந்துவிடும்.

1876இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் கம்பெனியில் ஹைன்ரிஷ் காரோ இதைத் துணிக்குப் போடும் சாயமாகச் செய்தார். 1891இல் பால் எர்லிஷ் மலேரியா நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். பால் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு இது வேறு விதத்தில் பழக்கம். 10 மில்லி பாலில் 1 மில்லி சாயக் கரைசலை விட்டு, 37 டிகிரி வெந்நீரில் குழாயை நிறுத்திவிட்டு, நீலம் எப்போது வெளுக்கிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பாக்டீரியா நிறைந்த பால் அரைமணியில் வெளுத்துவிடும். நல்ல பால் ஐந்து மணி நேரம்கூடத் தாங்கும். பாக்டீரியா பாலிலுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்ததும் சாயம் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு நிறமிழக்கிறது. குழாயின் மேல்விளிம்பில், காற்றுப் படும் இடத்தில் மட்டும் ஒரு நீல வளையம் மிச்சமிருக்கும். அந்த வளையத்தைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

நான் செய்யும் சென்சாரிலும் அதே சாயம்தான், அதே எலெக்ட்ரான்கள்தான். ஆனால் இங்கே எலெக்ட்ரானைக் கொடுப்பது பாக்டீரியா இல்லை, ஒரு தங்கப் பொட்டு. தேடுவதும் பாக்டீரியாவை இல்லை, அதைக் கொல்லப் போட்ட மருந்தை.

பெங்களூர் நெடுஞ்சாலையில் சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரி வருவதற்கு முன்னால் எங்கள் ஷெட் இருக்கிறது. ஒரு பக்கம் சிப்காட். இன்னொரு பக்கம் மாந்தோப்பு, ராகிக் கொல்லை, வீட்டுக்கு இரண்டு கலப்பின மாடு. மாட்டுக்கு மடிநோய் வந்தால் டாக்டர் ஊசி போடுவார், காம்புக்குள் மருந்து ஏற்றுவார். இத்தனை நாளைக்குப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள் என்றும் சொல்வார். தினப்படி பால் காசில் ஓடும் வீட்டில் அந்த நாட்கள் நீளமானவை. யாரையும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. அதில் 77இல் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. சதவீதம் கொஞ்சம்தான். ஆனால் ஒரு கேன் பால் டேங்கரில் கலந்தபின் அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

வரம்பு எவ்வளவு என்று சொன்னால்தான் வேலையின் அளவு புரியும். ஆக்ஸிடெட்ராசைக்ளினுக்கு சர்வதேச கோடெக்ஸ் விதி லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். 10,000 லிட்டர் டேங்கர் ஒன்று நிறையப் பால் என்றால், அதில் 1 கிராம். பென்சிலினுக்கு இன்னும் கடுமை: லிட்டருக்கு 4 மைக்ரோகிராம், அதாவது இருபத்தைந்து டேங்கருக்கு 1 கிராம். வீட்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் மின்வேதியியல் சென்சார்தான். அதைக் காட்டி "இது மாதிரிதானே?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வேன். ரத்தத்தில் சர்க்கரை மூலக்கூறு எத்தனை இருக்கிறதோ, அதில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான் நான் தேடும் டெட்ராசைக்ளின். அதோடு ரத்தச் சர்க்கரைக்கு ஒரு என்சைம் கிடைத்திருக்கிறது. 1962இல் லேலண்ட் கிளார்க் அதை மின்முனையின் மேல் உட்காரவைத்துக் காட்டினார். என்சைம் சர்க்கரையைத் தின்று எலெக்ட்ரானைத் துப்பிக்கொண்டே இருக்கும். என் மருந்தைத் தின்று மின்சாரம் துப்பும் என்சைம் இல்லை.

பாலில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், தயிர் தோய்க்கும் பெண்கள் என்பேன். மருந்து கலந்த பாலில் உறை பிடிக்காது. "நேத்து ராத்திரி ஊத்துன உறை, இன்னும் பாலாவே நிக்குது" என்று யாராவது சொன்னால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். தொழிற்சாலை லேபில் இருக்கும் சோதனையும் இதே தத்துவம்தான்: ஒரு பாக்டீரியாவை 64 டிகிரியில் வளரவிட்டு, ஊதா மஞ்சளானால் பால் சுத்தம், ஊதாவாகவே நின்றால் மருந்து இருக்கிறது. நம்பகமான சோதனை, மூன்று மணி நேரம் ஆகும். காலை ஆறரைக்குப் பால் சொசைட்டி வாசலில் கேனோடு நிற்பவரை மூன்று மணி நேரம் நிறுத்திவைக்க முடியுமா? எங்களுக்குத் தேவை கேன் கொட்டப்படுவதற்கு முந்தைய பத்து நிமிடத்துக்குள் ஒரு பதில்.

பெரிய மூலக்கூறைப் பிடிப்பது சுலபம். ஒரு வைரஸ் புரதத்தை ஒரு ஆன்டிபாடி கீழிருந்து பிடிக்கும், இன்னொன்று மேலிருந்து பிடிக்கும். கர்ப்பம் பார்க்கும் பட்டையில் கோடு விழுவது இப்படித்தான். ஆக்ஸிடெட்ராசைக்ளினின் எடை 460 டால்டன், ஆன்டிபாடியின் எடை ஒன்றரை லட்சம். ஒரு கை பிடித்துவிட்டால் இன்னொரு கைக்கு இடமே இல்லை. எடை கூடியதா என்று பார்க்கலாமென்றால், மாம்பழ லாரி மேல் கடுகு விழுந்த மாதிரி. நேரடியாக மருந்தையே மின்முனையில் ஆக்சிஜனேற்றம் செய்யலாம்தான். நானும் முதல் வருடம் கார்பன் மின்முனையில் அதைத்தான் செய்தேன். ஆனால் அந்த மின்னழுத்தத்துக்குப் போனால் பாலின் யூரிக் அமிலம், புரதத்திலிருக்கும் டிரிப்டோபன், டைரோசின் எல்லாம் கூடவே எரிந்து, திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கதையாகிவிடும்.

அதனால் ஆப்டமர். 1990இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே வழியைக் கண்டுபிடித்தன. கோடிக்கோடியான ஒற்றை இழை மரபுத் துண்டுகளைக் கலந்து, குறிப்பிட்ட பொருளோடு ஒட்டுபவற்றை மட்டும் சலித்துச் சலித்து எடுப்பது. அப்படித் தேறிய இழைதான் ஆப்டமர். 2006இல் கெவின் பிளாக்ஸ்கோவின் கலிஃபோர்னியக் குழு, கொக்கெய்னைப் பிடிக்கும் இழையின் ஒரு முனையைத் தங்கத்தில் கட்டி, மறுமுனையில் மெத்திலீன் ப்ளூவைத் தொங்கவிட்டது. மருந்து வந்தால் இழை சுருண்டு மடங்கும், நீலத்துக்கும் தங்கத்துக்கும் இடையிலான தூரம் மாறும், எலெக்ட்ரான் தாவும் வேகமும் மாறும். இரண்டாவது கை தேவையே இல்லை. 2013இல் உயிருள்ள எலியின் ரத்தத்தில் மருந்தின் அளவை உடனுக்குடன் இதே வழியில் பார்த்தார்கள். படித்தபோது எழுந்து நடந்தேன், உட்கார முடியவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆப்டமர் என்று கட்டுரையில் அச்சாகியிருப்பதெல்லாம் பிடிக்கும் என்று நம்பிவிடக்கூடாது. ஆம்பிசிலினுக்கென்று ஊரெல்லாம் பயன்படுத்திய இழைகளை 2020இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் பல முறைகளால் சோதித்தார்கள். அவை ஆம்பிசிலினைப் பிடிக்கவே இல்லை. அதை வைத்து எத்தனை சென்சார்கள் "வேலை செய்தன" என்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும். தங்கமும் உப்பும் புரதமும் சேர்ந்து ஏதோ ஒரு சமிக்ஞையைத் தரத்தான் செய்யும், அது மருந்துதான் என்று நம்ப நாமும் தயாராக இருப்போம். எங்கள் கதையும் அந்தப் பள்ளத்தின் ஓரம்வரை போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தங்கம். மின்முனையின் தங்கப் பொட்டு இரண்டு மில்லிமீட்டர் அகலம். அதை அலுமினாத் தூளில் தேய்க்க வேண்டும்: முதலில் 1 மைக்ரான், அப்புறம் 0.3, கடைசியில் 0.05. எட்டு வடிவத்தில் கையைச் சுழற்றி, அழுத்தாமல். நான் இதைக் கற்றது காரைக்குடியில். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, நேரு 1948 ஜூலையில் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. அங்கே ஒரு மூத்த டெக்னீஷியன் என் கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க தோசைக்கல்லா தேய்க்கிறீங்க?" என்றார். அன்றிலிருந்து அழுத்தியதில்லை. தேய்த்தபின் நீர்த்த கந்தக அமிலத்தில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்க வேண்டும். ஏறும்போது தங்கத்தின் மேல் ஒரு ஆக்சைடுப் படலம் கட்டும், இறங்கும்போது 0.9 வோல்ட் பக்கம் அது ஒரே கூரான சரிவாகக் கழன்று விழும். அந்தச் சரிவு மழுங்கியிருந்தால் தங்கம் அழுக்கு. அன்று வேறு எதையும் தொடக்கூடாது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் மாதம் முழுக்க இந்த ஒரு வளைவைத்தான் போடச் சொல்கிறேன். சலித்துக்கொள்வார்கள். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் தாங்களாகவே "சார், இது சரியில்ல, மறுபடி தேய்க்கிறேன்" என்பார்கள். அதற்கப்புறம் கவலை இல்லை.

இழையின் காலில் கந்தகம் இருக்கும், அது தங்கத்தைக் கண்டால் விடாது. நெருக்கமாக நட்டால் இழைகள் ஒன்றையொன்று மடங்கவிடாது. தள்ளித் தள்ளி நட்டால் சமிக்ஞை குறையும். நாற்று நடுவது போலத்தான், முதல் இடைவெளி சரியாக வரவேண்டும். நட்டபின் காலியிடத்தை மெர்காப்டோஹெக்சனால் என்ற சிறிய மூலக்கூறால் ராத்திரி முழுக்க நிரப்ப வேண்டும். நாறும். ஷெட்டில் மதியச் சாப்பாடு சாப்பிடுபவர்கள் அன்று வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள்.

நாங்கள் அளக்கும் மின்சாரம் நானோ ஆம்பியர்களில் இருக்கும். பக்கத்துப் பட்டறையில் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் திரையில் வளைவு முழுக்க மயிர் சிலிர்த்துக்கொள்ளும். விலை கொடுத்து ஒரு கவசக் கூண்டு வாங்க நினைத்தேன். கடைசியில் வீட்டிலிருந்து ஒரு பழைய முறுக்கு டின்னைக் கொண்டுவந்து, ஒயர் போக ஓட்டை போட்டு, எர்த்தோடு இணைத்தேன். வளைவு எண்ணெய் தடவினாற்போல் படிந்தது. டின் இன்னும் இருக்கிறது. மூடியைத் திறந்தால் ஓமம் வாசம்.

பஃபர் கரைசலில் எல்லாம் அழகாக வந்தது. தென் கொரியாவில் ஒரு குழு 2008இல் ஆக்ஸிடெட்ராசைக்ளினுக்குத் தேர்ந்தெடுத்த டி.என்.ஏ ஆப்டமர் எங்கள் தங்கத்தில் உட்கார்ந்து, மருந்து கூடக் கூட வளைவில் நீலத்தின் மேடு தாழ்ந்தது. பிறகு பாலில் முக்கினோம். அசையவே இல்லை. எவ்வளவு மருந்து போட்டாலும் அதே மேடு.

இதற்குக் காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த வகை மாத்திரையைப் பாலோடு சாப்பிடாதீர்கள் என்று டாக்டர் சொல்வார் அல்லவா? டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு பின்னிக்கொள்ளும். லிட்டர் பாலில் ஒரு கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மருந்து அங்கேதான் இருந்தது, ஆனால் எங்கள் இழைக்குக் கிடைக்கும் நிலையில் இல்லை. கால்சியத்தைப் பிடிக்க இ.டி.டி.ஏ சேர்த்தோம். கொழுப்பு நீக்கிய பாலில் அதை விட்டுக் கலக்கும்போது ஒரு காட்சி நடக்கும், நான் பார்வையாளர்களுக்கு இதைக் கட்டாயம் காட்டுவேன். பாலின் வெண்மைக்குக் காரணமான கேசின் உருண்டைகள் கால்சியத்தால் கட்டப்பட்டவை. கட்டு அவிழ்ந்ததும் பால் கண்ணெதிரே வெளுப்பு இழந்து, பச்சையும் மஞ்சளுமாக, அடி தெரியும் கஞ்சித் தண்ணீராகிவிடும். ஆனால் இ.டி.டி.ஏ மெக்னீசியத்தையும் இழுத்துக்கொள்ளும். மெக்னீசியம் இல்லாமல் இழை ஒழுங்காக மடங்காது. இ.டி.டி.ஏவுக்கு மெக்னீசியத்தைவிடக் கால்சியம் மேல் பிரியம் நூறு மடங்கு அதிகம். எனவே அளந்து மெக்னீசியத்தைத் திரும்பக் கொடுத்தால் கால்சியம் கட்டுண்டபடியே இருக்கும், மெக்னீசியம் இழைக்குக் கிடைக்கும். இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. ஒன்பது பங்கு பாலுக்கு ஒரு பங்கு கரைசல். மின்முனைகளை அச்சடித்த பட்டையும் கையடக்க மீட்டர் ஒன்றும் செய்து, பக்கத்து ஊர்ப் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோனோம்.

மார்கழி. பால் கேன் மேல் ஆவி பறந்தது. முதல் வாரத்திலேயே ஒரு அம்மாளின் பாலுக்கு மீட்டர் சிவப்புக் காட்டியது. அடுத்த நாளும் சிவப்பு.

"ஊசி போட்டீங்களாம்மா?" என்றேன்.

"போடலைப்பா. இன்னும் டாக்டரே வரலை. மடி கல்லாட்டம் கெடக்குது, பாலு உப்புக் கரிக்குது. அதான் வீட்டுக்குக்கூட வெச்சுக்கலை."

"மெஷின் வேற சொல்லுதே."

"மெஷினு மாட்டைப் பாத்துச்சா? நான் பாத்தேன்."

செயலாளர் என் பக்கம் திரும்பி, "சார், அந்த அம்மா பொய் சொல்ற ஆளு இல்ல" என்றார், மெதுவாக. அவர் குரலிலிருந்த மரியாதை எனக்கா அந்த அம்மாளுக்கா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. நான் அவர் சொன்னதை நம்பவில்லை. மாதிரியை வெளி லேபுக்கு அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது: மருந்து இல்லை.

எங்கே தவறு? ஆப்டமரா? மறுபடி ஆம்பிசிலின் கதையா? இரண்டு வாரம் தூக்கமில்லை. இழையின் எழுத்து வரிசையைக் கலைத்து, மருந்தைப் பிடிக்கவே முடியாத போலி இழை ஒன்றை வாங்கித் தங்கத்தில் நட்டு அதே பாலில் போட்டேன். (இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.) போலி இழையிலும் மேடு தாழ்ந்தது! அப்படியானால் மேடு தாழ்வதற்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் வளைவுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மேடு தாழவில்லை, நகர்ந்திருந்தது. பதினெட்டு மில்லிவோல்ட் வலப்பக்கம். எங்கள் மீட்டர் மேட்டின் உச்சியைத் தேடவில்லை. மைனஸ் 0.28 வோல்ட்டில் நின்றுகொண்டு, அங்கே உயரம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தது. மலை தள்ளிப் போயிருக்க, சரிவின் உயரத்தை அளந்து மலை தேய்ந்துவிட்டது என்று அது சொல்லியிருக்கிறது. பத்து சதவீதத்துக்கு மேல் அதில் போய்விடும், எங்கள் வரம்புக்கு அதுவே போதும். நிரலில் அந்த வரியை எழுதியவன் நான்தான்.

ஏன் நகர்ந்தது? மின்னழுத்தம் எதையும் தனியாக அளக்க முடியாது, ஒரு கடல்மட்டம் வேண்டும். எங்கள் பட்டையில் கடல்மட்டம் என்பது அச்சடித்த வெள்ளி–வெள்ளிக் குளோரைடு. அதன் மட்டம் கரைசலில் இருக்கும் குளோரைடைப் பொறுத்தது. குளோரைடு இரண்டு மடங்கானால் மட்டம் பதினெட்டு மில்லிவோல்ட் நகரும். மடிநோயில் பால் சுரக்கும் செல்களுக்கு இடையேயான வேலி பிய்ந்துவிடும், ரத்தத்தின் உப்பு பாலுக்குள் கசியும், குளோரைடு ஏறும்.

பாலு உப்புக் கரிக்குது.

அந்த அம்மாள் இதைச் சொசைட்டி வாசலில் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். வெள்ளி–குளோரைடு சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்பவன் நான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

நிவாரணம் ஒரு சிட்டிகை உப்பு. எங்கள் கரைசலில் சோடியம் குளோரைடைத் தாராளமாகச் சேர்த்துவிட்டால், பாலில் வரும் ஏற்றத்தாழ்வு அதில் மூழ்கிவிடும். நிரலையும் மாற்றி, உச்சியைத் தேடச் சொன்னோம். இரண்டு வேறு அதிர்வெண்களில் அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கவும் ஆரம்பித்தோம். மருந்து வந்தால் ஒன்று ஏறும், மற்றது இறங்கும். பால் படிந்து மின்முனை மங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு நெய்யை நிறுப்பது மாதிரி.

ஆனால் பெரிய மாற்றம் வேறு. எந்தச் சென்சாருக்கும் ஒரு 'வெறும்' மாதிரி வேண்டும்: மருந்து இல்லாத, மற்றபடி எல்லாம் அதேபோல் இருக்கும் பால். நாங்கள் அதுவரை வெறும் பால் என்று வைத்திருந்தது நல்ல ஆரோக்கியமான மாட்டின் பால். ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி யாருக்குப் போடுவார்கள்? நோய்ப்பட்ட மாட்டுக்கு. அந்தப் பாலின் உப்பு வேறு, பி.எச். வேறு, புரதம் வேறு, செல்கள் வேறு. நாங்கள் எந்த மாட்டைத் தேடுகிறோமோ அந்த மாட்டின் பாலை ஒருநாளும் வெறும் பாலாக வைத்துப் பார்த்ததில்லை. எங்களுக்கு வேண்டியது மடி வீங்கியபின், ஊசிக்கு முன் கறந்த பால். அது கிடைப்பது சில மணி நேரம்தான். டாக்டர் வந்துவிட்டால் போயிற்று.

அந்த அம்மாளிடமே போனேன். மன்னிப்புக் கேட்கத் தயாரித்த வாக்கியம் ஒன்று வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும், இப்ப என்னா வேணும்?" என்றார். சொன்னேன். தன் எண்ணைக் கொடுத்துவிட்டு, இன்னும் நான்கு வீடுகளையும் காட்டினார். ஒரு வீட்டில் தெலுங்கு, ஒரு வீட்டில் கன்னடம். அவரே கூட வந்து பேசினார்.

மாசியில் ஒருநாள் காலை ஐந்தேகாலுக்கு போன். "வாப்பா, ரெண்டாவது மாட்டுக்கு வந்துருச்சு. டாக்டரு எட்டு மணிக்குத்தான்."

நான் ஒரே ஒரு பாட்டில் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "நாலு காம்பும் ஒண்ணா? ஒண்ணுலதான் நோவு." வண்டியில் தேடி இன்னும் மூன்று எடுத்துவந்தேன். அவர் ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சலைக் கீழே விட்டார், அடுத்ததை உள்ளங்கையில் பிடித்து நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார், துப்பினார், பிறகு பாட்டிலைக் காட்டச் சொன்னார். மாடு காலை உதைத்தது. அவர் அதன் தொடையைத் தட்டி ஏதோ சொன்னார்.

"இது கரிக்கல."

எழுதினேன்.

"இதுவும் கரிக்கல. இது... கொஞ்சம், இப்பத்தான் ஏறுது. இது பாரு, உப்பு."

பாட்டிலில் ஒட்டும் சீட்டில் தேதி, மாடு, காம்பு என்று கட்டம் போட்டு அச்சடித்து வைத்திருந்தேன். 'கரிக்குது' என்பதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதினேன். ஷெட்டுக்கு வந்து குளோரைடை அளந்தபோது நான்கு பாட்டில்களும் அவர் சொன்ன வரிசையிலேயே நின்றன, 'இப்பத்தான் ஏறுது' உட்பட.

அன்று எட்டு மணிக்கு டாக்டர் வந்து ஊசி போட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து வேளைக்கு நான்கு பாட்டில், காலையும் மாலையும், மருந்து முழுக்க இறங்கும்வரை. குளிர்பெட்டியின் நடுத்தட்டு நிறைந்துவிட்டது. ஒவ்வொரு பாட்டிலின் ஓரத்திலும் அந்த ஒரு சொல், அல்லது அதன் மறுப்பு.